தீவு நேரம்

"கப்பல் நேரம் வேற, தீவு நேரம் வேறன்னு உனக்கு யாருமே சொல்லலையா கண்ணு?"

"சொன்னாங்க. கரையில இறங்கினா தீவு நேரம்தான் கணக்குன்னு நான்தான் நினைச்சேன். அவர் கைக்கடிகாரத்தக் காலையில நானே ஒரு மணி நேரம் பின்னால வச்சுக் கட்டி விட்டேன்."

"கேட்டியா மெல்வின்?" ரோண்டா தன் புருஷன் பக்கம் திரும்பினாள். "தேன்நிலவுக்கு வந்த இடத்துல மாப்பிள்ளையக் கரையிலயே தொலைச்சிட்டு நிக்குது இந்தப் பொண்ணு."

டெலியா கப்பலின் நடைத்தளத்துக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி கோஸுமெல் தீவின் துறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவளும் பிராடியும் கப்பல் ஏறியது இதுதான் முதல் தடவை.

சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பிந்தி வருகிறவர்கள் தலைதெறிக்க ஓடி வருவதை மேலே நின்று பார்ப்பது கப்பலில் எல்லோருக்கும் பிடித்த விளையாட்டு. கையில் கோப்பையோடு வந்து கம்பியோரம் இடம் பிடித்துவிடுவார்கள்.

"ஒருத்தனுக்காக மூவாயிரம் பேரு காயணுமா?" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"விட்டுட்டுப் போங்கப்பா. நீந்தி வரட்டும்" என்று மேல்தளத்திலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு அலையாக இறங்கி வந்தது.

ரோண்டாவுக்கு இது எத்தனையாவது பயணம் என்று அவளுக்கே தெரியாது. எப்போதும் அவளும் மெல்வினும் மட்டும் உட்காரும் சன்னலோரச் சாப்பாட்டு மேசையில் இந்தப் புது ஜோடியையும் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். அந்த முதல் இரவிலிருந்தே டெலியாவைக் கண்டாலே அவளுக்கு ஆகவில்லை.

"நீ மட்டும் எப்படி முன்னாடியே வந்த?"

"தலைவலின்னு சொன்னேன். பொழுதக் கெடுக்காத, போய்ப் படுன்னு அனுப்பிட்டாரு."

"பாவம் மனுஷன். மேசையில நானும் பாத்தேனே, உன்ன எப்படித் தாங்குறாரு. நீ வாயத் திறக்குறதுக்குள்ள உனக்கு என்ன வேணும்னு அவரே சொல்லிடுறாரு. நேத்து நீ கேட்ட மீனத் திருப்பி அனுப்பிட்டு உனக்குன்னு கோழி வரவச்சாரு. எனக்கு எறா ஒத்துக்காதுன்னு இத்தனை வருஷமாகியும் இந்த மெல்வினுக்குத் தெரியாது."

"தெரியுமே" என்றார் மெல்வின், கோப்பையிலிருந்து வாயை எடுக்காமல். "அதனாலதான வாங்கித் தரேன்."

"பாத்தியா, எனக்கு வாய்ச்சது இது. உனக்குக் கிடைச்ச தங்கத்த நீ கடிகாரத்தால கோட்டை விட்டுட்டு நிக்கிற."

அப்போது கப்பலின் காவல் அதிகாரி ரெனாட்டோ கையில் வயர்லெஸ்ஸோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வந்தவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மேடம், சார் வராட்டி அவரோட பாஸ்போர்ட்ட மட்டும் கரையில எங்க ஏஜென்ட்கிட்ட குடுத்துட்டுப் போவோம். அது இல்லாம அவரால ஊர் திரும்ப முடியாது. உங்க ரூம் பெட்டகத்தக் கொஞ்சம் திறந்து குடுக்கணும்."

டெலியா தோள்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். கூடவே ஒரு துணிப்பையும். அதில் பிராடியின் இரத்த அழுத்த மாத்திரை, மடித்த சட்டைகள், சவரக்கத்தி எல்லாம் இருந்தன.

"இதையும் சேத்துக் குடுத்துடுங்க."

"பரவாயில்ல" என்றாள் ரோண்டா. "இதுலயாவது பொறுப்பு இருக்கு."

கப்பலின் சங்கு ஊதியது. துறையில் நின்ற ஆட்கள் பின்பக்கத்து வடத்தை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார்கள். நாள் முழுக்கப் பச்சையாக இருந்த கடல் கப்பலின் நிழலில் கருநீலமாக மாறியிருந்தது. டெலியாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

"வேண்டிக்கிறா" என்று யாரோ கேலியாகச் சொன்னார்கள்.

"அதோ வரான்" என்று மேல்தளத்திலிருந்து ஒரு குரல்.

துறையின் கோடியில் பிராடி தெரிந்தான். சங்குச் சத்தம் கேட்டு ஏதோ மதுக்கடையிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முகம் செக்கச்செவேலென்றிருக்க ஓடி வந்தான். கூட்டம் அவன் ஓட்டத்துக்குத் தாளம் போட்டுக் கைதட்டியது.

பாதி வழியில் அவன் நிமிர்ந்து பார்த்தான். கம்பியோரம் டெலியா நிற்பதைக் கண்டதும் விரலை அவள் பக்கம் நீட்டி என்னவோ கத்தினான். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

டெலியா கண் கலங்கக் கம்பியை விட்டுப் பின்னால் நகர்ந்தாள். ரோண்டா சட்டென்று அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

"அதான் வந்துட்டாருல்ல, அழாத. கண்ணத் தொடச்சுக்கோ."

ரெனாட்டோ வயர்லெஸ்ஸைக் காதோடு அழுத்திக் கேட்டான். பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"கல்யாணமான புதுசுன்னு கேப்டன்கிட்ட நான்தான் சொன்னேன் மேடம். மனசு எறங்கிட்டாரு. கரையிலேர்ந்து கப்பல் ஏறுற பாலத்த இன்னும் எடுக்கல. சார் ஏறுற வரைக்கும் அப்படியே இருக்கும்."

அதுவரை ஏசிக்கொண்டிருந்தவர்கள்கூட அவனைப் பாராட்டிக் கைதட்டினார்கள். மெல்வின் தன் கோப்பையை டெலியாவை நோக்கி உயர்த்திக் காட்டினார்.

டெலியா ரெனாட்டோவின் சட்டைக் கையை இறுகப் பற்றினாள். பக்கத்தில் நின்ற ரோண்டாவுக்கும் கேட்காதபடி அவன் காதருகே குனிந்தாள்.

"கெஞ்சிக் கேக்குறேன் சார், அவர் வந்து சேர்றதுக்குள்ள பாலத்த எடுத்துடச் சொல்லுங்க."