எடை மெஷின்

"பொய் சொல்லியிருக்கியா?"

"சொல்லியிருக்கேன் பெரியவரே," என்றார் மஹ்ரூஸ்.

செத்தவர்களின் இதயத்தை எடைபோடும் எகிப்தியத் தெய்வமான அநூபிஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. செத்து வருகிறவர்கள் அத்தனை பேரும் இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். பிறகு இதயத்தை ஒரு தட்டிலும் இறகை மறுதட்டிலும் வைப்பார். இதயம் கனத்தால், மூலையில் படுத்திருக்கும் முதலைத்தலை மிருகத்துக்கு அன்றைய சாப்பாடு.

மஹ்ரூஸ் தெரிந்த ஆள் வேறு. கோயில்களெல்லாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடமாகிப் படையல் நின்றுபோனதிலிருந்து, வயிற்றுப்பாட்டுக்காக அநூபிஸ் கெய்ரோ பாலத்து நடைபாதையில் எடை மெஷினோடு உட்கார்கிறார். நரிக்காதை மஃப்ளர் மறைத்துவிடும். ஏறி நிற்காமல் யாராவது காசு நீட்டினால் திட்டி விரட்டிவிடுவார். தெய்வமாக இருந்தவருக்குப் பிச்சை எடுக்க வருமா?

இந்தக் காலத்து எண்கள் அவருக்குப் படிக்கத் தெரியாது; அதனால் மெஷினை எட்டிப் பார்ப்பதே இல்லை. ஏறுகிறவர்களே பார்த்துச் சொல்லிக்கொள்வார்கள்.

வேலை விட்டுப் போகும் மஹ்ரூஸ் தினமும் ஏறுவார். "எண்பத்திரண்டு! பொண்டாட்டி வைக்கிற மொலோகியாக் கீரை அப்படி," என்று சிரித்தபடி நாணயத்தைப் போடுவார்.

அந்த மனுஷனைத் தின்னக் கொடுக்க அநூபிஸுக்கு மனசு வரவில்லை.

"யோவ், யோசிச்சுப் பேசு. என்னிக்கோ ஒண்ணு வாய் தவறி வந்திருக்கும். இல்லைன்னு சொல்லிடு."

"என்னிக்கோ இல்ல, தினமும். கூட வந்தவங்களையும் சொல்ல வெச்சேன்."

"அடப்பாவி, உன்னைப் போய் நல்லவன்னு நெனச்சேனே."

மிருகம் சோம்பல் முறித்து எழுந்து வந்தது. அநூபிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு இதயத்தைத் தட்டில் வைத்தார்.

இறகுத் தட்டு தரையில் இடித்தது. இதயம் மேலே போய் நின்றது.

அநூபிஸ் தராசைத் தட்டிப் பார்த்தார். மறுபடி வைத்தார். அதேதான்.

"என்னய்யா இது? யார்கிட்ட அப்படிப் பொய் சொன்னே?"

மஹ்ரூஸ் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்கக் கூடாது பெரியவரே. உங்க எடை மெஷின்ல முள்ளு நகர்றதே இல்ல. பாலத்துல போற எல்லாருக்கும் தெரியும். சும்மா குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்களே."