விதை எடுக்காத பாகற்காய்

அவள் பாகற்காயின் விதையை எடுக்கவில்லை.

மோரில் ஊறப்போடவில்லை. உப்புப் பிசறிப் பிழியவில்லை. வெல்ல டப்பாவின் பக்கமே கை போகவில்லை.

கசப்பு ஒரு சொட்டுக்கூட வீணாகக் கூடாது.

இன்று அவள் புருஷனுக்குத் திவசம். மனிதர் போய் ஏழு வருஷம்.

முதல் வருஷம் ஐயர்தான் பட்டியல் சொன்னார். வாழைக்காய், அவரை, சேனை, புடலை ஆகும். பாகற்காய் கட்டாயம் வேண்டும். கோஸ், காரட், தக்காளி எல்லாம் வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கியவை, பித்ருக்களுக்கு ஆகாது. மிளகாயும் அந்த வகைதான், அதனால் மிளகு போடுங்கள் என்றார்.

உருளைக்கிழங்கு?

அவள்தான் கேட்டாள்.

அதுவும் சீமைக் காய்தானே அம்மா, தொடவே கூடாது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பாவம், அழுகிறாள் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள்.

கிழங்கு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. முப்பத்தொரு வருஷம் தோல் சீவினாள். அவளுடைய அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றும், முழுகிய தலை காய்வதற்குள் வந்து உட்கார்ந்து சீவினாள். ஒரு துண்டு அவள் தட்டுக்கு வந்ததில்லை. மத்தியானம் மிஞ்சினதைச் சாயங்காலம் காப்பியோடு அவரே முடித்துவிடுவார்.

ஒரே ஒரு நாள் வீட்டில் கிழங்கு இல்லாமல் போயிற்று. கல்யாணமான புதிது. பாகற்காயை வதக்கி வைத்தாள்.

ஒரு வாய் வைத்தார். துப்பினார்.

எழுந்து அடுப்பிலிருந்த சட்டியைத் தூக்கி வந்தார். அவள் முடியைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தார். கொதிக்கக் கொதிக்கக் கரண்டியால் அள்ளி அள்ளி அவள் வாயில் திணித்தார், கடைசித் துண்டு வரைக்கும்.

“மெதுவாத் தின்னு. இங்க யாரும் வெரட்டல.”

உதட்டோரத்தில் அந்த வெள்ளைத் தழும்பு இன்னும் இருக்கிறது. பிள்ளைகளிடம் எண்ணெய் தெறித்தது என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

இந்த வருஷம் மகன் சிதம்பரம் விடிந்ததிலிருந்து அவள் பின்னாலேயே சுற்றினான்.

“எம்மா, அப்பாவுக்குக் கெழங்குன்னா உசுரு. ஒரு கரண்டி வச்சா என்ன? இப்பல்லாம் வைக்கலாம்னு ஐயரே சொல்லுதாரு.”

“அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. அப்பாவுக்குச் சேராமப் போச்சுன்னா நீயா நானா பதில் சொல்லுதது? முறைன்னா முறைதான்ய்யா.”

அவன் கண் கலங்கியது. இப்படி ஒரு அம்மா யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்திருப்பான்.

பாகற்காய்ப் பொரியல். பாகற்காய்ப் புளிக்குழம்பு. பாகற்காய்ப் பச்சடி.

படையல் முடிந்து மொட்டைமாடிச் சுவரில் இலையை வைத்தார்கள். காக்கை வாய் வைக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. போன வருஷங்களில் எப்படியோ ஒரு காக்கை வந்து சோற்றையாவது கொத்திவிட்டுப் போயிற்று.

இன்றும் ஒன்று வந்தது. இலையைச் சுற்றி நடந்தது. பச்சடியில் மூக்கை வைத்தது. சுவரில் இரண்டு பக்கமும் அலகைத் தேய்த்துவிட்டுப் பறந்துபோயிற்று.

மணி ஒன்று. இரண்டு.

பேத்தி பசியில் அழுது அழுது தூங்கிப்போனாள். அவள் குழந்தையின் கன்னத்து ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். ஒரு கிழங்கு வைத்தால் போதும், அந்தக் காக்கை ஓடி வரும், அதுவும் அவளுக்குத் தெரியும்.

வைக்கவில்லை.

இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து ரொம்ப நாளாயிற்று.

அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். மேடை மூலையில் கவிழ்த்திருந்த பித்தளைப் பாத்திரத்தைத் தூக்கினாள். அடியில் ஒரே ஒரு உருளைக்கிழங்கு, வேகவைத்தது. ஏழு வருஷமும் இந்த நாளில் இப்படி ஒன்றை ஒளித்துவைக்கிறாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இதுவரை எடுத்திருக்கிறாள்.

இன்று அதுவரைக்கும் பொறுக்கவில்லை. தோலை உரித்தாள்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே சத்தம் கேட்டது.

அதே காக்கைதான். தலையைச் சாய்த்து அவள் கையைப் பார்த்தது. சமையல் ஆகிவிட்டதா என்று வாசற்படியில் நின்று அவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

ஒரு துண்டைப் பிட்டு அதற்குக் காட்டினாள். கம்பியை ஒட்டி நகர்ந்து வந்து வாயைத் திறந்தது.

அவள் தன் வாயில் போட்டுக்கொண்டாள். உதட்டோரத் தழும்பு அசைய அசைய மென்றாள்.

மாடியில் சிதம்பரம் தொண்டை கம்மக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கா... கா...

“மேல எலையில இருக்கு. மெதுவாச் சாப்பிடுங்க,” என்றாள் ஜன்னலைப் பார்த்து. “இங்க யாரும் வெரட்டல.”