நடுமாடி

“ரெண்டு லட்சம் பேர் பின்தொடர்கிற ஒரு மனிதன், இந்தப் பூமியில் எங்கேயுமே தனியாக மாட்டிக்கொள்ள முடியாது.”

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார் செம்மல். அன்று கல்லூரியில் அவர் பேசப்போகும் பேச்சின் முதல் வரி அது. சோப்பு முதல் சோபா வரை எதையும் போனில் புகழ்ந்து விற்றுக்கொடுப்பது அவர் தொழில். செம்மல் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். ரசிகர்கள் வைத்ததாக அவர்தான் சொல்வார்.

“ஏங்க, எங்க நடுமாடியில நாப்பத்தொம்பது பேர் ஆயிட்டோம்,” என்றாள் மனைவி, அவர் கையில் குடையைத் திணித்தபடி. காலையிலிருந்து மழை விடவில்லை.

நடுமாடி, அவள் சொந்தமாக நடத்தும் குட்டி சமூக வலைத்தளம். லிஃப்டில் ஒருமுறையாவது மாட்டிக்கொண்டவர்கள் மட்டுமே சேரலாம். காரணம் எழுதி அனுப்பினால், அவள் படித்துப் பார்த்து உள்ளே விடுவாள்.

“முதலாளி கிடையாது, விளம்பரம் கிடையாது, வீட்டுலயே ஒரு குட்டி சர்வர்!” என்று கேலி செய்தார் செம்மல். “ஊரே பஸ் ஸ்டாண்ட்ல நிக்குது, நீ தனியா ஒரு நிழற்குடை கட்டிட்டு உக்காந்திருக்க. அதுக்குள்ள வர விசா ஆபீஸ் மாதிரி காரணம் வேற எழுதணுமாம்!”

“மாட்டிக்கிட்டவங்களுக்குத்தாங்க தெரியும்.”

“போன வருஷம் மாட்டினியே நீ! எனக்குப் போன் போட்டு ‘பயமா இருக்கு, ஏதாவது பேசுங்க’ன்னு...” குரலை மெலிதாக்கி அவளைப் போலவே பேசிக்காட்டினார். “நான் லைவ்ல இருக்கேன். மிக்ஸி விளம்பரம். கட் பண்ணாம என்ன செய்ய?”

அவள் சிரிக்கவில்லை. “பார்த்துப் போங்க” என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் வீடு மேல்மாடி. லிஃப்ட் ஆடி அசைந்து வந்து சேர வெகுநேரம் ஆனது. ஏறி இரண்டு மாடி இறங்கியதும் ஒரு குலுக்கலோடு நின்றது. விளக்கு அணைந்தது.

அழைப்பு மணியை அழுத்தினார். ஸ்பீக்கரில் வாட்ச்மேன் குரல் கொட்டாவியோடு வந்தது. “மெக்கானிக் வந்துட்டே இருக்காரு சார். பயப்படாதீங்க. எல்லா சாருக்கும் இதேதான் சொல்றது.”

செம்மல் பயப்படவில்லை. மணியை மட்டும் இன்னும் மூன்று முறை அழுத்தினார். உடனே போன் விளக்கை எரியவிட்டு லைவ் போட்டார். “நண்பர்களே, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். மூச்சு முட்டுது. யாராவது உதவி பண்ணுங்க.”

திரையில் இதயங்கள் கொட்டின. ‘எந்தக் கம்பெனி லிஃப்ட் அண்ணே?’ ‘தள்ளுபடி கூப்பன் போடுங்க.’ ‘சட்டை எங்க வாங்கினீங்க?’ அவர் கண்ணில் நீர் கோத்ததும் ஒருவர் எழுதினார்: ‘செம நடிப்பு!’

லைவை நிறுத்திவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

“மொட்டைமாடியில துணி எடுத்துட்டு இருக்கேங்க,” என்றாள். “எனக்கு என்ன தெரியும்? நடுமாடியில கேளுங்க. அனுபவப்பட்டவங்க இருக்காங்க.” வைத்துவிட்டாள்.

சுவர்கள் நான்கும் கொஞ்சம் கிட்டே வந்தமாதிரி இருந்தது. செம்மல் நடுமாடியைத் திறந்தார். ‘சேர விரும்பும் காரணம்?’ என்று கேட்டது.

‘நான் செம்மல். ரெண்டு லட்சம் பேர் என்னைப் பின்தொடர்கிறார்கள்.’

‘காரணம் போதவில்லை’ என்று உடனே பதில் வந்தது.

‘லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். கல்லூரியில் முக்கியமான பேச்சு இருக்கிறது.’

‘இதுவும் போதவில்லை.’

சட்டைக் காலரைத் தளர்த்தினார். இருட்டில் வெகுநேரம் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்தார். பிறகு தட்டினார்: ‘பயமா இருக்கு. ஏதாவது பேசுங்க.’

கதவு திறந்தது. நடுமாடியின் கதவு.

‘ஷூவைக் கழட்டிட்டு சுவத்துல சாஞ்சு உக்காருங்க சார். மெதுவா மூச்சு விடுங்க. நான் இருக்கேன்,’ என்றார் மூன்றாம் மாடி பல் டாக்டர். ‘நான் மாட்டினப்ப அழுதுட்டேன். வெளியில சொல்லிடாதீங்க,’ என்றார் நாலாம் மாடி வக்கீல். ‘நானும்தான்,’ என்றார் ஜிம் மாஸ்டர். இதே கட்டடத்து ஆண்கள் இத்தனை பேர் உள்ளே இருந்தது செம்மலுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அவர்கள் பேசினார்கள். அவரும் பேசினார். மூச்சு சீரானபோது விளக்கு எரிந்தது. லிஃப்ட் சமர்த்தாகக் கீழே இறங்கியது.

ஷூவைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. கட் பண்ணிவிட்டு, வக்கீலுக்கு எழுதினார்: ‘சொல்லுங்க சார், நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்.’

மேலே மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள் மனைவி. மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள். கையில் துணி எதுவும் இல்லை. பக்கத்தில் குடையோடு நின்ற எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னாள்:

“அம்பது ஆச்சு. அக்கா, உங்க வீட்டுக்காரர் எப்போ கிளம்புறாரு?”