பரண்மேல் தளபதி

"எதிரியை இடப்பக்கமா வளைச்சிருக்கணும்! நம்ம தளபதிங்க எல்லாம் சுத்த மக்குங்க."

தையல்காரர் பின்னறைப் பரணில் படுத்தபடியே உலகப் போரை நடத்திக்கொண்டிருந்தார். 1914-இல் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தபோது ஏணியில் ஏறிய மாவீரர், இன்னும் இறங்கவில்லை.

மனைவி ஏணியில் நின்று சூப்புக் கிண்ணத்தை நீட்டினாள்.

"ஆறிப் போச்சேடி! ஆமா, முன்னறையில தையல் மெஷின் சத்தம் கேட்டுதே? பொம்பளை தொட்டா ஊசி உடையும்னு எத்தனை தடவை உதைச்சுச் சொல்லியிருக்கேன்?"

"பட்டாளத்துக்குச் சட்டை தைக்கச் சொல்லியிருக்காங்க. தைக்கலைன்னா வீட்டுக்குள்ள வந்து தேடுவாங்களாம்."

"தை, தை! நல்லாவே தை!"

வெளியே டமார் என்று ஏதோ வெடித்தது. தளபதிகளுக்குப் பாடம் சொன்ன தலை கம்பளிக்குள் போய்விட்டது.

"என்னடி அது?"

"பீரங்கிதாங்க. பக்கத்துல வந்துட்டாங்க போல. மூச்சு விடாதீங்க."

"ஏணியை எடுத்துடு! சீக்கிரம்!"

ஏணியை எடுத்து முன்னறையில் சாத்திவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு அவள் தெருவுக்கு வந்தாள். சாயங்கால வானம் முழுக்க வாணவேடிக்கை. சனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சண்டை நின்னு இன்னையோட ரெண்டு வருஷம் ஆச்சு. பட்டாளத்துக்குப் போனதுல பொழைச்சவங்க எல்லாம் வந்துட்டாங்க. உன் வீட்டுக்காரரைப் பத்தி ஏதாவது தகவல் வந்துச்சா?"

அவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லக்கா. அவர் வர்ற வரைக்கும் கடையை நான்தான் பார்த்துக்கணும்."