அலமாரியில் ஒரு சர்வர்

மார்ச் ஒன்பது, காலையிலிருந்தே தூறல்.

"இன்டர்நெட்டுல கண்ட கம்பெனிக்காரனுக்கு நம்ம படத்தையெல்லாம் தூக்கிக் கொடுத்திருக்கியே, அறிவிருக்கா? ஒண்ணு விடாம பார்ப்பான்!" என்று மனைவியை ஏளனம் செய்த கணக்காளர், படங்களைச் சேமிக்க வீட்டு அலமாரியிலேயே ஒரு சர்வரை நிறுவினார்.

"என் படத்தை நீங்க பார்ப்பீங்களா?"

"எனக்கு வேற வேலையில்லையா? உன்னைத் தவிர ஒருத்தனும் பார்க்க முடியாது."

அவள் நம்பியவளைப் போலத் தலையசைத்து, முதலில் ஒரு படத்தை மட்டும் அதில் ஏற்றினாள்.

மாலையில் அவர் தேநீர்க் கோப்பையை நங்கென்று வைத்தார்.

"அந்த நீலச் சட்டைக்காரன் யாருடி?"

அவள் சிறிதும் பதறவில்லை. "நேத்து வாங்கின போட்டோ ஃப்ரேமுக்குள்ள கடையிலயே வச்சுக் கொடுத்த மாதிரிப் படங்க. அதைத்தான் ஏத்தினேன்."

அவர் கோப்பையை மறுபடி கையில் எடுத்தார்.

"இத்தனை வருஷத்துல அந்தக் கம்பெனிக்காரன் ஒருநாள்கூட இப்படிக் கேட்டதில்லைங்க" என்றவள், சர்வரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

அப்போது மணி ஆறு பத்து.