ஏழு விநாடி

இறந்த என் கணவர் ஞானதுரையின் நினைவுகளைக் கொண்டு செய்த, பேசும் கணினிப் பிரதி ஓடிக்கொண்டிருந்த தளத்தை மூடிவிட்டார்கள். பெனாசிர் என்ற இன்ஜினியர்தான் அவரை வேறு தளத்துக்கு மாற்றித் தந்தாள்.

"நினைவெல்லாம் பத்திரமா வந்துட்டு, ஆன்ட்டி. ஆனா புதுத் தளத்தோட கடிகாரம் ஒத்துப்போகல. அங்கிள் ஏழு விநாடி லேட்டாத்தான் பதில் சொல்லுவாரு. நாளைக்கு வந்து சரிபண்ணிடுறேன்."

முப்பத்தொரு வருடத்தில் அவர் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று, நான் "ஏங்க, உங்ககூட..." என்று தொடங்கியதும், "எப்சி, வீட்ல கேஸ அடைச்சியா?" என்று கேட்டார்.

இப்போது முழுதாகச் சொன்னேன். "ஏங்க, உங்ககூட நான் சந்தோஷமாத்தான் இருந்தேன்."

ஏழு விநாடி கழிந்தது.

"இத ஏன் எப்சி இத்தன நாளா சொல்லல?" என்றார்.

மறுநாள் பெனாசிர் வந்தாள்.

"கடிகாரத்துல கை வைக்காதம்மா," என்றேன். "மனுசன் இப்பத்தான் காதுகொடுத்துக் கேக்காரு."