கொண்டை

திரை விலகியதும் எழுந்த கைதட்டல் பாதியிலேயே அடங்கிப்போனது.

மலேசியாவின் ஈப்போ பழைய டவுனில் ஒரு சந்து. மூன்று மாடி உயரச் சுவர் முழுக்க ஓவியம். குன்றுகளிலிருந்து இறங்கிய காலைப் பனி இன்னும் கலையவில்லை. கோப்பி கலக்கும் சீனக் கிழவரும் வலை உலர்த்தும் மலாய் மீனவரும் சுவரிலிருந்து சிரித்தார்கள்.

நடுவில் ஒரு தமிழ்ப் பெண். பால் வாளியோடு ரப்பர் மரங்களுக்குள் போகிறாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

பனி அசைந்தபோது அவள் இன்னும் ஓரடி உள்ளே போய்விட்டதுபோல் ஓவியன் ரோய்ஸ்டனுக்குத் தோன்றியது.

"அண்ணே, மத்தவங்க மூஞ்சியெல்லாம் தெரியுதுலா. நம்மாளுக்கு மட்டும் ஏன் மூஞ்சி இல்ல?" பத்திரிகை நிருபர் ஷர்மினி கைப்பேசியை நீட்டிக் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஏற்பாட்டுக் குழு முதலில் காட்டிய மாதிரிப் படத்தில் தமிழரே கிடையாது. நான்கு மாதம் மல்லுக்கட்டித்தான் நடுச்சுவரைத் தமிழருக்கென்று வாங்கியிருந்தான் ரோய்ஸ்டன்.

முகத்தைத் தேடி அவன் எங்கும் அலையவில்லை. சாரத்தில் ஏறி நின்றால், எதிர்க் கடையின் பின்புறம் தட்டு கழுவும் பெண் தெரிவாள். அந்த முகத்தையே எடுத்துக்கொண்டான். பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவளுக்குச் செய்யும் மரியாதை என்றே நினைத்தான். மரங்களுக்குள் போகிறவள் திரும்பிப் பார்ப்பதுபோல், முகத்தை ஓர் ஆள் உயரத்துக்கு வரைந்தான். தாடையிலிருந்த தழும்பைக்கூட விடவில்லை.

போன வியாழக்கிழமை, மழைக்கு அவன் இறங்கி ஒதுங்கியபோது, அவள் தற்செயலாகச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தபடியே நனைந்துகொண்டு நின்றாள். சந்தோஷப்படுகிறாள் என்று எண்ணி அவன் பக்கத்தில் போனான்.

மறுநாள் விடிந்ததும் அந்த முகத்தின் மேல் கறுப்பைப் பூசி, கொண்டையை வரைந்தான்.

"பயந்தாங்கொள்ளி," என்றது கூட்டத்தில் ஒரு குரல். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் அதையே சொல்லும் என்று அவனுக்குத் தெரியும். எல்லாம் தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

ஷர்மினி பதிலுக்காகக் காத்திருந்தாள். எதிர்க் கடையில் தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது. ரோய்ஸ்டன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று மழையில் அவள் சொன்னதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"தம்பி, எங்க வீட்டுக்காரரு இங்க பக்கத்துல, கோலா கங்சார்லதான் இருக்காரு. நா ஆத்துல விழுந்து செத்துட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு. அப்படியே நெனச்சிக்கிட்டு இருக்கட்டும்லா."